ஒப்பீட்டுப் பள்ளி

செங்காங்கில் இரண்டு தொடக்கப்பள்ளிகள்.
நடுவில் ஒரு மேம்பாலம், ஒரு கால்வாய்,
நாங்கள் சுண்டிய ஒரு நாணயம்.

நாணயம் முதல் பள்ளிக்குக் கயிறு கொடுத்தது:
நாளும் இருபது நிமிடம் தாண்டல்,
அளவுக்கோடு போட்ட நீலப் புட்டி,
கேன்டீனில் பழுப்பரிசி,
சீனியைப் பற்றி வாரம் ஒரு பாடம்.
இரண்டாம் பள்ளிக்கு
என்னைக் கொடுத்தது.

தராசு, நாடா, நிறுத்துக்கடிகாரம் சுமந்து
தவணைக்கு ஒருமுறை போவேன்.
அளப்பேன். எழுதுவேன். சிரித்து வைப்பேன்.
எதையும் சொல்லிவிடக் கூடாது.
‘அக்கா, மைலோவுல சீனி எவ்ளோ?’ என்று
நான்காம் வகுப்பு ஹஸ்லினா,
தமிழ்த் தோழிகளிடம் பொறுக்கிய தமிழில் கேட்டபோதும்
‘நேரா நில்லு, தாடையைத் தூக்காதே’ என்றேன்.
ஒப்பீட்டுக் குழுவின் காதில் ஒன்றும் விழக்கூடாது.
ஆய்வு அப்படியொரு விரதம்.

எனக்குப் பதினொரு வயதில்
இடைவேளை மணி அடித்ததும்
ஒன்பது பேர் மட்டும் திடலைச் சுற்றி ஓடுவோம்.
மற்றவர்கள் மீ கோரெங் தின்றபடி பார்ப்பார்கள்.
நான்கு கிலோ குறைந்தேன்.
அதுவும் சான்றுதான்; ஏதோ ஒரு கோப்பில் இருக்கும்.
இன்றும் யாராவது பார்த்தால்
எனக்குச் சோறு இறங்காது.
அதற்குப் படிவத்தில் கட்டம் போடவில்லை.

மூன்றாம் தவணையில் கணக்கு கெட்டது.
ஒன்றும் கொடுக்காத பள்ளி
ஓடத் தொடங்கியிருந்தது.
இருபத்திரண்டாம் சுற்றில் இடுப்பைப் பிடித்தவர்கள்
முப்பதைத் தாண்டியும் மூச்சு வாங்கவில்லை.
கடிகாரத்தைச் சந்தேகித்தார்கள்.
பிறகு என்னை.

வெள்ளிக்கிழமை மாலை
கால்வாயோரப் புளோக்கின் கீழ்த்தளம்.
‘பந்து விளையாடக் கூடாது’ பலகைக்கு அடியில்
இரண்டு பள்ளிச் சீருடைகள் கலந்து நின்றன.
முதல் பள்ளி ரேஷ்வினி எண்ண,
இரண்டாம் பள்ளி ஹஸ்லினா தாண்டினாள்.
கயிறு எங்களுடையது இல்லை.
கட்டி வாங்கிய பண்டுங், தே ஓ, ஐஸ் மைலோ
பைகளின் கழுத்தில் இருந்த ரப்பர் வளையங்கள்,
சிவப்பும் பச்சையுமாய் நானூறு இருக்கும்,
கோத்து முறுக்கியது.
எந்தப் பானத்தில் எத்தனை கரண்டி என்று
தாளத்தில் அடுக்கிக்கொண்டே தாண்டினார்கள்.
கால் தட்டினால்
ஒரு புட்டித் தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

தூணோரம் வெய் காங்.
அவன் தாண்ட மாட்டான்.
எந்தத் தவணையிலும் அவன் எண் அசைந்ததில்லை.
வளையம் அறுந்தால் முடிச்சுப் போடுகிறவன் அவன்தான்;
அவன் ‘ஆச்சு’ என்னும்வரை ஆட்டம் நிற்கும்.
யாரும் அவனை ஓடச் சொல்லவில்லை.

‘மாசு’ என்றார் பேராசிரியர்.
ஒரு குழுவுக்குக் கொடுத்தது
மறு குழுவுக்குள் கசிந்தால் அதற்கு அதுதான் பெயர்.
சளி பரவும், பேன் பரவும்,
கை கால் வாய்ப் புண் பரவி
வகுப்பையே மூட வைக்கும்.
இதுவும் பரவும் என்று
நிதி கேட்ட விண்ணப்பத்தில் நாங்கள் எழுதவில்லை.

அறிக்கை வந்தது:
‘இரு பள்ளிகளுக்கும் இடையே
குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.’
ஒரு காற்புள்ளியைக்கூடக் குறை சொல்ல முடியாத உண்மை.
இரண்டும் சேர்ந்தே ஏறியிருந்தன.
அடிக்குறிப்புக்கு மன்றாடி மூன்று வரி வாங்கினேன்.
‘ரப்பர் வளையம்’ என்று எழுதினேன்;
‘முறைசாரா உபகரணம்’ என்று திருத்தி வந்தது.

நேற்று அந்தக் கீழ்த்தளத்துக்கு
ஒரு பண்டுங் கட்டி வாங்கிப் போனேன்.
‘அக்கா, சீனி!’ என்று கத்தினார்கள்.
அவர்கள் பார்க்கப் பார்க்கக்
கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினேன்.
பையின் கழுத்திலிருந்த சிவப்பு வளையத்தைக் கழற்றி
வெய் காங்கிடம் நீட்டினேன்.

இழுத்துப் பார்த்தான்.
‘இது தாங்கும்’ என்றான்.